நாடு இல்லாத நாட்டின் ஓவியர் - யான் மத்தெய்கோ



முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். எனக்கு வரைய வராது. சயின்ஸ் ரெக்கார்டில் தவளை வரைந்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் பார்க்கப் பிடிக்கும். அதிலும் கதை சொல்லும் ஓவியம் என்றால் மணிக்கணக்கில் பார்ப்பேன். இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அப்படி ஒரு ஓவியம்தான்.

ஒரு இருட்டு அறை. சிவப்பு உடை போட்ட அரண்மனைக் கோமாளி ஒருவன் நாற்காலியில் தளர்ந்து போய் உட்கார்ந்திருக்கிறான். கோமாளிகள் கையில் வைத்திருக்கும் கோல் தரையில் கிடக்கிறது. பக்கத்து மேஜையில் ஒரு கடிதம். ஜன்னலுக்கு வெளியே வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். பின்னால் திறந்த கதவு வழியாகப் பார்த்தால் வெளிச்சமான கூடத்தில் ராஜா வீட்டு விருந்து ஜாம் ஜாமென்று நடக்கிறது. அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்க வைக்க வேண்டியவன் மட்டும் இங்கே தனியாக உட்கார்ந்து கவலைப்படுகிறான்.

யார் இவன், எதற்குக் கவலைப்படுகிறான் என்று தேடப் போய், கடைசியில் ஒரு நாட்டின் கதையே கிடைத்தது. ஓவியத்தின் பெயர் 'ஸ்டாஞ்சிக்'. வரைந்தவர் பெயர் யான் மத்தெய்கோ. ('யான்' என்றால் நம் செய்யுள் பாட்டில் வரும் 'நான்' இல்லை. நம் ஊர் ஜான் தான் போலிஷ் மொழியில் யான்!) இதை 1862இல் வரைந்து முடித்தபோது அவருக்கு வயது 24.

வரைபடத்தில் இல்லாத நாடு

மத்தெய்கோவைப் புரிந்துகொள்ள முதலில் போலந்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்த அரசு ஐரோப்பாவின் பெரிய அரசுகளில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் உள்ளே பிரபுக்களின் சண்டை, லஞ்சம், பலவீனமான மன்னர்கள். வெளியே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்று மூன்று பலசாலிகள். 1772, 1793, 1795 என்று மூன்று தடவையாக அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது பங்கோடு போலந்து என்ற பெயரே வரைபடத்தில் இல்லாமல் போனது. மறுபடி அது சுதந்திர நாடானது 1918இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 123 வருஷம்!

மத்தெய்கோ பிறந்தது 1838இல், கிராக்கோவ் நகரத்தில். இறந்தது 1893இல், அதே ஊரில். அதாவது அவர் வாழ்ந்த 55 வருஷமும் போலந்து என்ற நாடு கிடையாது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தது அந்த நாட்டைத்தான்.

அப்பா செக் நாட்டிலிருந்து வந்த இசை ஆசிரியர். அம்மா வழியில் ஜெர்மன் ரத்தமும் உண்டு. பதினொரு பிள்ளைகளில் இவர் ஒன்பதாவது. ஏழு வயது வாக்கில் அம்மாவை இழந்தார். அவர் பிறந்தபோது கிராக்கோவ் ஒரு சின்ன சுதந்திர நகரமாக இருந்தது. 1846இல் அங்கே ஒரு கிளர்ச்சி நடந்து தோற்றதும் ஆஸ்திரியா அதையும் விழுங்கிவிட்டது. 1848இல் ஆஸ்திரியப் படை கிராக்கோவ் மீது பீரங்கியால் சுட்டதை ஒன்பது வயதுப் பையனாக அவர் பார்த்தார். அண்ணன்கள் இருவர் தளபதி பெம் என்பவரின் கீழ் போராடப் போனார்கள். ஒருவர் இறந்தார், இன்னொருவர் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

படிப்பு? நம்மில் சிலருக்கு ஆறுதலான செய்தி இது. மத்தெய்கோ பள்ளிக்கூடத்தில் சுமார் ரகம் கூட இல்லை, மோசம். 1851இல் மதிப்பெண் இல்லாமல் படிப்பை விட்டார். வேற்று மொழி எதுவும் கடைசி வரை சரியாக வரவில்லை. ஆனால் கையில் பென்சில் இருந்தால் வேறு ஆள். அடுத்த வருஷமே கிராக்கோவ் ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1858 வரை படித்தார். பிறகு உதவித்தொகையில் மியூனிக் போனார். அங்கிருந்து வியன்னா போய், ஆசிரியரோடு சண்டை போட்டு சில நாட்களிலேயே திரும்பி வந்தார்.

வந்தவர் 1860இல் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். போலந்தில் பல நூற்றாண்டுகளாக மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதுதான் விஷயம். ராஜா, பிரபு, பாதிரியார், சாதாரண மக்கள் எல்லோருடைய உடையும் அதில் உண்டு. பழைய கல்லறைச் சிற்பங்கள், ஆயுதங்கள், முத்திரைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து சேர்த்துக்கொண்டே இருப்பார். ஒரு பட்டன் தவறாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குற்றம் சாட்டும் ஓவியங்கள்

இப்போது அந்தக் கோமாளிக்கு வருவோம். ஸ்டாஞ்சிக் உண்மையில் வாழ்ந்தவன். 16ஆம் நூற்றாண்டில் போலந்து மன்னர் சிக்மண்டின் அரசவை விகடகவி. நம்ம தெனாலிராமன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால் கிருஷ்ணதேவராயர் இங்கே ஆண்ட அதே காலத்தில்தான் சிக்மண்டும் அங்கே ஆண்டார்! மேஜையில் கிடக்கும் கடிதம், ஸ்மோலென்ஸ்க் நகரம் மாஸ்கோவிடம் பறிபோனதைச் சொல்லும் செய்தி. விருந்தில் ஆடுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோமாளிக்கு மட்டும்தான் புரிகிறது, இது முடிவின் ஆரம்பம் என்று. அந்தக் கோமாளிக்கு மத்தெய்கோ வைத்த முகம் யாருடையது தெரியுமா? தன்னுடைய முகத்தையே!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விருந்து ராணி போனாவின் அரண்மனையில் நடப்பதாக ஓவியத்தின் முழுத் தலைப்பு சொல்கிறது. ஸ்மோலென்ஸ்க் போனது 1514இல். போனா இத்தாலியிலிருந்து வந்து சிக்மண்டை மணந்ததோ 1518இல். அப்புறம் எப்படி? ஒரு பட்டனுக்காக மெனக்கெடுகிற மனிதர் நாலு வருஷத்தைக் கோட்டை விடுவாரா? ஒரு ஓவியத்தை மட்டும் பார்த்தால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைக்கலாம். அடுத்தடுத்த ஓவியங்களைப் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது.

1863 ஜனவரியில் ரஷ்யப் பகுதியில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. மத்தெய்கோ ஒல்லி, உடல்நலமும் சரியில்லை. போரிடப் போகவில்லை. ஆனால் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் கிளர்ச்சியும் அடுத்த வருஷம் நசுக்கப்பட்டது.

அந்தச் சோகத்தில் வந்தது 1864இல் முடித்த 'ஸ்கார்காவின் பிரசங்கம்'. ஸ்கார்கா 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். மன்னரும் பிரபுக்களும் உட்கார்ந்திருக்க, கையை உயர்த்தி, "இப்படியே போனால் நாடு அழியும்" என்று எச்சரிப்பது போன்ற காட்சி. ஆனால் இப்படி ஒரு சபையும், அதில் இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்ததும் கற்பனை. ஸ்கார்கா அந்தக் கருத்துக்களைப் புத்தகமாக எழுதினார் என்பது மட்டும் உண்மை. 1865இல் பாரிஸ் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 27 வயதில் ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருஷம் வந்ததுதான் பெரிய குண்டு. 1866இல் 'ரெய்தான்'.

1773இல் வார்சா நாடாளுமன்றம் கூடியது எதற்கு? முதல் பங்கீட்டை, அதாவது தங்கள் நாட்டை மற்றவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டதை, சட்டப்படி ஒப்புக்கொள்வதற்கு! ரஷ்யாவிடம் பணம் வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ததேயுஸ் ரெய்தான் என்ற உறுப்பினர் அதைத் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் வாசலில் படுத்துவிட்டார், போவதென்றால் என்னை மிதித்துவிட்டுப் போங்கள் என்பது போல. அதனாலும் ஒன்றும் நடக்கவில்லை. பங்கீடு நிறைவேறியது. ரெய்தான் 1780இல் தற்கொலை செய்துகொண்டார்.

மத்தெய்கோவின் ஓவியத்தில் ரெய்தான் வலது பக்கம் மூலையில், மார்பைத் திறந்து காட்டியபடி தரையில் கிடக்கிறார். எதிரே பட்டும் பதக்கமுமாகப் பிரபுக்கள் கூட்டம். தரையில் காசு சிதறிக் கிடக்கிறது. சுவரில் ரஷ்ய ராணி காதரினின் படம். மாடத்தில் ரஷ்யத் தூதர் ரெப்னின் சாவகாசமாக வேடிக்கை பார்க்கிறார். (ரெப்னின் 1769லேயே அந்தப் பதவியை விட்டுப் போய்விட்டார். அடுத்த 'தவறு'!)

இதில் கவனிக்க வேண்டியது, நாட்டை விழுங்கிய அந்நியர்கள் ஓவியத்தின் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள் போலந்துக்காரர்களே. அதுவும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய குடும்பங்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருந்த காலம். சும்மா விடுவார்களா? தோற்றுப் போய்க் கிடக்கும் நாட்டின் அவமானத்தை வெளிநாட்டுக்காரன் முன்னால் ஏன் விரிக்கிறாய் என்று கோபப்பட்டார்கள். கிராசெவ்ஸ்கி, நோர்விட் போன்ற பெரிய எழுத்தாளர்கள் கூட ஓவியத்தைக் கண்டித்தார்கள்.

மத்தெய்கோ பதில் அறிக்கை விடவில்லை. 1867இல் இன்னொரு ஓவியம் வரைந்தார். பெயர் 'மத்தெய்கோவுக்குத் தீர்ப்பு'. கிராக்கோவ் சந்தைச் சதுக்கத்தில் தானே தண்டனை மேடையில் நிற்பது போல! :-)

அதே 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 'ரெய்தான்' தங்கப் பதக்கம் வாங்கியது. அதை 50,000 பிராங்க் கொடுத்து வாங்கியவர் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப். போலந்தைப் பங்கு போட்ட மூவரில் ஒருவரின் வாரிசு, பங்கு போட்டதைக் கண்டிக்கும் படத்தை வாங்கிக்கொண்டு போகிறார். இதைக் கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆறுதல் சொல்லும் ஓவியங்கள்

இதற்குப் பிறகு மத்தெய்கோவின் பாதை மெல்லத் திரும்புகிறது. தோல்விக்குப் பதிலாக வெற்றிகளை வரையத் தொடங்கினார். போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றான 'லூப்ளின் இணைப்பு' 1869இல் வந்தது. அடுத்த வருஷம் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது கிடைத்தது. 1873இல் விண்மீன்களைப் பார்க்கும் கோப்பர்நிக்கஸ். 1878இல் மிகப் பெரிய ஒன்று, 'கிருன்வால்ட் போர்'.

பெரியது என்றால் நிஜமாகவே பெரியது. 426 செ.மீ. உயரம், 987 செ.மீ. அகலம். ஏறக்குறைய ஒரு டவுன் பஸ் நீளம்! 1410இல் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து ஜெர்மன் வீரத்துறவிகளின் படையை முறியடித்த போர் அது. நடுவில் சிவப்பு உடையில் லித்துவேனியத் தலைவர் விட்டோல்ட் வாளை உயர்த்துகிறார். இடது பக்கம் எதிரிப் படையின் தலைவர் உல்ரிக் சாகப் போகிறார். அவரைக் கொல்பவர்கள் பெயர் தெரியாத சாதாரணக் காலாட்கள்.

ஏன் இந்தப் போர், ஏன் அந்த நேரம்? 1871இல் பிரஷ்யா தலைமையில் ஜெர்மன் பேரரசு உருவானது. பிஸ்மார்க்கின் ஆட்சியில் அங்கிருந்த போலந்து மக்களின் மொழியும் திருச்சபையும் நெருக்கப்பட்டன. ரஷ்யப் பகுதியில் 1863க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ஆஸ்திரியா பிடியில் இருந்த கிராக்கோவில்தான் ஓரளவு மூச்சு விட முடிந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு, "இவர்களை நாம் ஒரு தடவை ஜெயித்திருக்கிறோம்" என்று பஸ் நீளத்துக்கு எழுதிக் காட்டினார் மத்தெய்கோ.

1878 அக்டோபரில் கிராக்கோவ் நகரசபை அவரைக் கூப்பிட்டு ஒரு செங்கோல் கொடுத்தது. மன்னர் இல்லாத நாட்டில், ஓவியர் கையில் செங்கோல்!

1883இல் 'வியன்னாவில் சோபியஸ்கி'. 1683இல் துருக்கிப் படையிடமிருந்து வியன்னாவைக் காப்பாற்றிய போலந்து மன்னரின் கதை. அதை விற்காமல் போலந்து மக்களின் பரிசாகப் போப்பாண்டவருக்கே கொடுத்தார். வத்திக்கானில் இன்றும் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட அதே வியன்னாதான் 89 வருஷம் கழித்துப் போலந்தில் முதல் பங்கு வாங்கியது என்பதை உலகத்துக்கு நினைவுபடுத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறுதல் சொல்லத் தொடங்கியதும் அந்தக் குற்றம் சாட்டும் மத்தெய்கோ காணாமல் போனாரா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 'பிரஷ்ய வணக்கம்' (1882) பார்த்ததும் மாற்றிக்கொண்டேன். 1525இல் பிரஷ்யாவின் கோமகன் ஆல்பிரெக்ட், கிராக்கோவ் சந்தைச் சதுக்கத்தில் சிக்மண்ட் மன்னர் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்கிறான். போலந்துக்கு எவ்வளவு பெரிய பெருமை! எல்லோர் முகத்திலும் திருவிழா. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறான். சிவப்பு உடை. நம் பழைய ஸ்டாஞ்சிக்! இன்றைக்கு மண்டியிடும் இந்தப் பிரஷ்யா நாளைக்கு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று பங்கீட்டிலும் கை வைத்தது பிரஷ்யா. இருபது வருஷத்துக்கு முன்னால் தனி அறையில் உட்கார வைத்தவனை, மத்தெய்கோ இப்போது வெற்றி விழாவின் நடுவிலேயே உட்கார வைத்துவிட்டார்.

பிடிவாதக்கார வாத்தியார்

1873இல் பிராக் நகரம் தன் ஓவியக் கல்லூரிக்குத் தலைவராக வரும்படி அழைத்தது. மறுத்துவிட்டு கிராக்கோவ் ஓவியப் பள்ளியின் தலைவரானார், சாகும் வரை அதே பதவி. விஸ்பியான்ஸ்கி, மெஹோஃபர், மால்செவ்ஸ்கி, காட்லீப் என்று போலந்துக் கலையின் பெரிய பெயர்கள் பல அவரிடம் படித்தவை. இதில் ஒரு சுவாரஸ்யம். 1874இல் பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகள் முதல் கண்காட்சி நடத்தி ஓவிய உலகத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தெய்கோ அசையவில்லை. ஆனால் விஸ்பியான்ஸ்கியும் மெஹோஃபரும் அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு புதிய பாதையில் போனார்கள். அதுவும் நல்ல வாத்தியாருக்கு அடையாளம்தான்.

கடைசி வருஷங்களில் ஊரோடு மனஸ்தாபம். ஒரு புதிய நாடக அரங்கு கட்டுவதற்காகப் பழைய காலத்து மருத்துவமனைக் கட்டடத்தை இடிக்க நகரசபை முடிவு செய்தது. மத்தெய்கோ எதிர்த்தார். கேட்கவில்லை என்றதும், கிராக்கோவ் கொடுத்த கௌரவக் குடிமகன் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். இனி இந்த ஊரில் என் ஓவியத்தைக் காட்சிக்கு வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். 1893 நவம்பர் 1 அன்று காலமானார். ஃபுளோரியான்ஸ்கா தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீடு 1898 முதல் அருங்காட்சியகம்.

ஓவியங்களுக்கும் போர்

கதை இங்கே முடியவில்லை. 1939இல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தபோது 'கிருன்வால்ட்' படத்தை என்ன செய்வது என்று பெரிய கவலை. ஜெர்மானியர்களின் தோல்வியைக் காட்டும் படம், கிடைத்தால் நிச்சயம் அழித்துவிடுவார்கள். சுருட்டி லூப்ளின் நகரத்துக்குக் கொண்டுபோய், 'ஸ்கார்காவின் பிரசங்க'த்தோடு சேர்த்து மண்ணுக்கடியில் புதைத்தார்கள். இடத்தைச் சொல்பவருக்கு முதலில் 20 லட்சம், பிறகு ஒரு கோடி மார்க் பரிசு என்று நாஜிகள் அறிவித்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. 1944இல் நல்லபடியாகத் தோண்டி எடுக்கப்பட்டது. இன்று வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'ஸ்டாஞ்சிக்' கொள்ளை போய் 1956இல் திரும்பி வந்தது. 'ரெய்தா'னை 1920இல் போலந்து அரசே வாங்கியிருந்தது. போரில் அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள், அதுவும் மீட்கப்பட்டது.

ஒரு கோடி மார்க் கொடுத்துத் தேடும் அளவுக்கு ஒரு கித்தான் துணிக்கு எதிரி பயந்தான் என்றால், அந்த ஓவியருக்கு அதைவிடப் பெரிய பதக்கம் என்ன வேண்டும்?

அப்போ, பொய் சொன்னாரா?

கடைசியாக, தொடக்கத்திலிருந்தே என்னை உறுத்திய கேள்வி. பட்டன் வரைக்கும் உண்மை தேடியவர், வருஷத்தை மாற்றினார். அந்த இடத்தில் இல்லாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது வரலாறா?

வரலாற்று மாணவன் என்ற முறையில் பார்த்தால், இல்லை. பரீட்சையில் நான் 1514ஐயும் 1518ஐயும் கலந்து எழுதினால் மார்க் போடுவார்களா? ஆபத்தும் உண்டு. 1890-92இல் போலந்து மன்னர்கள் 44 பேரை அவர் வரிசையாக வரைந்தார். அதில் ஆரம்ப கால மன்னர்கள் பலர் எப்படி இருந்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் இன்றைக்குப் போலந்தில் பலருக்கு ராஜா என்றால் மத்தெய்கோ வரைந்த முகம்தான். சரித்திர சினிமா பார்த்தவர்களுக்கு அந்த நடிகர் முகமே ராஜா முகமாகிவிடுகிறதே, அதே மாதிரி. கற்பனை நினைவாகி, நினைவு வரலாறாகி விடுகிறது.

ஆனால் அவர் நடந்ததை அப்படியே காட்டும் புகைப்படம் எடுக்க வரவில்லை. "இந்த நாடு எப்படிப் போனது, யாரால் போனது?" என்று கேட்க வந்தார். அதற்காகப் பல வருஷத்து ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்து விசாரணை நடத்தினார். பெருமைக்காக வரலாற்றை வளைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தன் பக்கத்துத் தப்பைக் காட்டுவதற்காக வளைத்தவர்கள் எத்தனை பேர்? அதற்காக ஊரிடம் திட்டு வாங்கி, தன்னையே தண்டனை மேடையில் ஏற்றி வரைந்துகொண்டவர்கள் எத்தனை பேர்?

அதனால் என்னைக் கேட்டால், பஸ் நீளக் 'கிருன்வால்ட்'டை விட அந்தச் சின்ன 'ஸ்டாஞ்சிக்'தான் பெரிய ஓவியம். எல்லோரும் கொண்டாடும்போது ஒருத்தனாவது மேஜை மேல் கிடக்கும் கடிதத்தைப் படிக்க வேண்டும் இல்லையா?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நல்ல நோக்கத்துக்காக வரலாற்றில் நாலு வருஷத்தை முன்னே பின்னே தள்ளலாமா, கூடாதா? சொல்லுங்கள், சண்டை போடலாம்.

மீண்டும் சந்திப்போம்.